நாலாம் வருஷத்துக் கடைசிப் பேப்பர்

அத்தியாயம் 16

ஏசுரத்தினத்தின் மூச்சு விடியற்காலை நாலே காலுக்கு நின்றது. அழுது முடித்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருடைய மனைவி எலிசபெத் மகளிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"கிருபாவுக்கு இன்னிக்கு எத்தினி பேப்பர்?"

"ரெண்டும்மா. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு. அதோட முடிஞ்சுது" என்றாள் லோயிஸ்.

"அப்ப அஞ்சு மணிக்கு மேல சொல்லிக்கலாம்."

எலிசபெத்தைக் கல்நெஞ்சுக்காரி என்று அவசரப்பட்டு யாரும் முடிவுகட்ட வேண்டாம். முப்பது வருஷம் அந்த மனிதரோடு குடித்தனம் செய்தவள். ஆறு மாதமாக சித்தூர் மிஷன் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தவள். அவருடைய ஆசை இன்னதென்று அவளைவிடத் தெரிந்தவர் உலகத்தில் கிடையாது.

அந்த ஆசைக்குப் பெயர் பி.ஏ.

ஏசுரத்தினமும் ஒரு காலத்தில் காலேஜ் மாணவர்தான். இன்டர்மீடியட் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது அவருடைய தகப்பனார் தவறிப்போனதாகத் தந்தி வந்தது. பாதிப் பரீட்சையில் எழுந்து ஊருக்கு ஓடினார். அடக்கம் முடிந்தது, குடும்பம் தலையில் விழுந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகு காலேஜ் வாசலை அவர் மிதிக்கவில்லை. ஜில்லா கோர்ட்டில் காப்பியிஸ்ட் வேலை கிடைத்தது. முப்பத்தோரு வருஷம் ஜட்ஜுகளின் தீர்ப்புகளை முத்து முத்தாகப் பிரதி எடுத்து, ஒவ்வொன்றின் அடியிலும் யாரோ ஒருவருடைய பெயரையும், பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ., பி.எல். என்பதையும் தம் கையாலேயே எழுதினார். அந்த எழுத்துகளுக்கு மட்டும் பேனாவைக் கொஞ்சம் அழுத்துவார் என்று கூட இருந்த குமாஸ்தாக்கள் கேலி செய்வார்கள்.

"எனக்கு ஆன மாதிரி என் புள்ளைக்கு ஆவக்கூடாது." இதை அவர் எத்தனை தடவை சொன்னார் என்பதற்குக் கணக்கில்லை. கடைசி மூன்று நாள், பேச்சுத் திணறிய பிறகும் விரலை மடக்கி மடக்கி, இன்னும் எத்தனை பரீட்சை பாக்கி என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

பி.ஏ. என்றால் நாலு வருஷம். இன்டர்மீடியட் இரண்டு, பி.ஏ. வகுப்பு இரண்டு. அதை எட்டிப் பிடிக்க இந்த வீட்டில் இரண்டு வழி இருந்தது. ஒன்று பையன் போன வழி. கிருபானந்தம் வேலூரில் இன்டர்மீடியட்டை முடித்தான். பி.ஏ.வுக்குப் பட்டணம் அனுப்பவேண்டுமே என்று ஏசுரத்தினம் விழித்துக்கொண்டிருந்த சமயத்தில் திருப்பதியில் புதுக் காலேஜைத் திறந்தார்கள்; அங்கே சேர்ந்துகொண்டான்.

இன்னொன்று பெண் போன வழி. லோயிஸ் எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் டிரெயினிங், அது முடிந்ததும் மிஷன் பெண்கள் பள்ளிக்கூடத்தில் வேலை. ஆசிரியர்களும் பெண்களும் காலேஜுக்குப் போகாமலே பிரைவேட்டாகப் பரீட்சை எழுதலாம் என்று யூனிவர்சிடி ஒரு சலுகை வைத்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடம் விட்ட பிறகு படித்துப் படித்து, இரண்டு வருஷத்து இன்டர்மீடியட்டை நாலு வருஷத்தில் முடித்தாள். பி.ஏ.வுக்கான விண்ணப்பம் பூர்த்தி செய்தபடி பெட்டிக்குள் கிடக்கிறது. 'தம்பி முதல்ல முடிச்சிடட்டும்' என்றாள் அம்மா. இவளும் தலையாட்டினாள். இப்போது அவளுக்கு வயது இருபத்தெட்டு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தேவானந்தம் பெரியப்பா மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். இறந்தவருக்கு அண்ணன். சபையில் மூப்பர். அவர் ஒன்றை நினைத்துவிட்டால் பிறகு அதைக் கர்த்தரே நினைத்த மாதிரி பேசுவார்.

"இன்னா பேசற எலிசபெத்? ஒரே ஆம்பளப் புள்ள. அவன் இல்லாம அடக்கமா? தந்தியாபீஸ் தெறந்ததும் நான் தந்தி குடுக்கப் போறேன். பத்தே முக்கால் ரயில்ல ஏறினான்னா ரெண்டு மணிக்கு இங்க இருப்பான்."

"வேணாங்க. அவரே வேணாம்னுவாருங்க."

"போனவரு வாயில நீ பேசாத."

அடக்கத்தை மறுநாளைக்குத் தள்ளவும் வழியில்லை. நீர் கோத்து வீங்கிய உடம்பு, மார்ச் மாதத்து வெயில். நாலு மணிக்கு மேல் வைக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். பெரியப்பா வாட்சைப் பார்த்துக்கொண்டே சவப்பெட்டிக்குச் சொல்லப் போனார்.

எலிசபெத் மகளின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஆறு மணி ரயிலு இருக்குது. நீ போ. அந்தத் தந்தி அவன் கைக்குப் போவக்கூடாது. அஞ்சு மணி வரைக்கும் ஒரு ஈ காக்கா அவனாண்ட சொல்லக்கூடாது. அப்பால நீயே சொல்லி, கூட்டிக்கினு வா."

"நான் போனா நானும் நைனா அடக்கத்துக்கு இருக்க மாட்டேனேம்மா."

எலிசபெத் பிடித்த கையை விடவில்லை. லோயிஸ் கட்டிலுக்குப் போய், அப்பாவின் நெற்றியில் முத்தம் வைத்தாள். நெற்றி இன்னும் முழுக்க ஆறியிருக்கவில்லை.

"சரிம்மா. அஞ்சு மணி வரைக்கும் சொல்ல மாட்டேன்" என்றாள்.

*

ரயில் பூராவும் மலைக்குப் போகிற கூட்டம். மொட்டையடிக்கப்போகும் குழந்தைகள், மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கை, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் 'கோவிந்தா' என்று ஒரு முழக்கம். அத்தனை சந்தோஷத்துக்கு நடுவில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, அழவும் முடியாமல் அழாமல் இருக்கவும் முடியாமல் லோயிஸ் பல்லைக் கடித்துக்கொண்டாள். எதிரே இருந்த ஒரு அம்மாள் என்ன நினைத்தாளோ, ஒரு வாழைப்பழத்தை எடுத்து அவள் மடியில் வைத்தாள். "எந்தக் கஷ்டமா இருந்தாலும் மலையேறினா தீந்துடும்மா" என்றாள்.

திருப்பதி என்றாலே அந்தக் குடும்பத்துக்கு ரயில் நிலையத்தின் பெயர், அப்புறம் காலேஜ். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. மலைமேல் எந்த மாதத்தில் எந்த உற்சவம், எத்தனை நாள் என்பதெல்லாம் மிஷன் காம்பவுண்டுக்குள் யார் கேட்டார்கள்? புரட்டாசியில் அப்பா படுக்கையில் விழுந்தபோது கிருபா ஓடி வந்தான். 'பிரம்மோற்சவம், காலேஜ் ஒரு மாசம் லீவு' என்றான். ஐப்பசியில் ஏதோ ஒரு லீவு, மார்கழியில் ஏகாதசி லீவு. எல்லாரும் நம்பினார்கள். 'அவங்க சாமிக்கு நம்ம சாமிய விட லீவு ஜாஸ்தி' என்று எலிசபெத்கூடச் சிரித்தாள். அந்த லீவு நாட்களில் அப்பாவைத் தூக்கி உட்கார வைத்தது, உடம்பு துடைத்தது, மலஜலம் எடுத்தது எல்லாம் கிருபாதான். ஆண்பிள்ளை செய்கிற வேலையா இது என்று நர்சுகளே ஆச்சரியப்பட்டார்கள்.

ஒன்பதரை மணிக்கு லோயிஸ் காலேஜ் வாசலில் இருந்தாள். அவள் போய் நிற்கவும், தந்திச் சேவகன் சைக்கிளை விட்டு இறங்கவும் சரியாக இருந்தது.

"கிருபானந்தம் எவரண்டி?" என்று அவன் பையன்களின் கூட்டத்தைப் பார்த்துக் குரல் எடுப்பதற்குள் இவள் குறுக்கே போய் நின்றாள்.

"நேனு அக்கனு. நாக்கு இவ்வண்டி" என்று, அக்கா தான்தான் என்று தெலுங்கில் சொல்லிக் கையை நீட்டினாள்.

அவன் அவளுடைய முகத்தையும் வெறுங்காலையும் பார்த்தான். தந்தி கொண்டுவருகிறவனுக்குத் தெரியாத முகமா அது? ஒன்றும் கேட்காமல் கையெழுத்து வாங்கிக்கொண்டு உறையைக் கொடுத்துவிட்டுப் போனான்.

உள்ளே நாலே வார்த்தைகள். 'தகப்பனார் காலமானார். உடனே புறப்படு.'

நிமிர்ந்து பார்த்தால், இருபது அடி தூரத்தில் கிருபா நிற்கிறான். கையில் மைப்புட்டி. பேனா நிப்பை வழக்கம் போலத் தலைமயிரில் துடைத்துக்கொண்டு, பக்கத்திலிருந்த புத்தூர்ப் பையன் கோவர்த்தனனுக்கு என்னவோ விளக்கிக்கொண்டிருந்தான். முகம் வற்றிப்போயிருந்தது. பரீட்சைக்குக் கண் விழித்திருப்பான் என்று நினைத்தாள்.

லோயிஸ் அங்கிருந்த புங்கமரத்துக்குப் பின்னால் ஒதுங்கி முந்தானையை முகத்தின் மேல் இழுத்துக்கொண்டாள்.

அவளுடைய நெஞ்சு அப்போது என்ன பாடுபட்டது என்பதை எழுதித் தீராது. இப்போது கூப்பிட்டால் பத்தே முக்கால் ரயில் இருக்கிறது. இரண்டு மணிக்கு சித்தூர். நைனாவின் முகத்தைப் பார்ப்பான், பெட்டிக்குத் தோள் கொடுப்பான், தன் கையால் மூன்று பிடி மண் போடுவான். கூப்பிடாவிட்டால்? இன்னும் ஆறு மணி நேரம் எழுதினால் பி.ஏ. முடிந்தது. தந்தி வந்து எழுந்து ஓடியவர் ஒருவர் இந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே இருந்தார். அவர் எழுந்து ஓடியதற்கு முப்பத்தோரு வருஷம் அழுதார்.

"கிருபா" என்று வாய்வரைக்கும் வந்தது.

மணி அடித்தது. பையன்கள் திமுதிமுவென்று உள்ளே போனார்கள். முந்தானைக்குள் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது வாசலில் யாரும் இல்லை, காவல்காரன் கேட்டைச் சாத்திக்கொண்டிருந்தான்.

பத்தே முக்காலுக்கு ஸ்டேஷன் பக்கத்திலிருந்து ரயில் ஊதியது. எதிர்ப்பக்கம் ஒரு சோடாக்கடை நிழலில் உட்கார்ந்திருந்த லோயிஸ், நான் செய்தது சரி, நான் செய்தது சரி என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். வாழைப்பழம் கையிலேயே இருந்தது. உரித்து வாயில் வைக்க மனம் வரவில்லை.

*

ஒரு மணிக்குக் கேட்டைத் திறந்தார்கள். வெளியே வந்த பையன்களில் லோயிஸ் தம்பியைத் தேடினாள். முதல் கூட்டம் போயிற்று, இரண்டாவது கூட்டமும் போயிற்று. கோவர்த்தனன் மட்டும் தனியாக வந்தான். புத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. முந்தின வருஷத்துக் கிறிஸ்மஸுக்கு லோயிஸ் வீட்டில் வந்து சாப்பிட்டவன்.

இவளைக் கண்டதும் அவனுக்கு முகம் செத்துப்போயிற்று.

"அக்கா! நீங்க எப்ப வந்தீங்கோ?"

"கிருபா எங்கப்பா? இன்னும் எழுதிக்கினு இருக்கானா?"

கோவர்த்தனன் வினாத்தாளைச் சுருட்டினான், பிரித்தான், மறுபடியும் சுருட்டினான்.

"அக்கா... அவன் உள்ள வரல."

"வரலைன்னா? காலையில நான் பாத்தேனே. உன்கூட நின்னுக்கினு இருந்தானே?"

"கேட்டு வரைக்கும் வருவான். தெனமும் வருவான். எனக்கு முக்கியமான கேள்வியெல்லாம் சொல்லிக் குடுப்பான். மணி அடிச்சதும் ஸ்டேஷனுக்குப் போய் பெஞ்சில உக்காந்துக்குவான். ஒரு மணிக்கு வருவான்." வினாத்தாளைப் பார்த்துக்கொண்டே மேலே சொன்னான். "அவனுக்கு ஹாஜர் பத்தலைக்கா. காலேஜுக்கு வந்த நாள்ல பன்னெண்டு கொறஞ்சிடுச்சு. பிப்ரவரியிலயே பரீட்சைக்கு உட மாட்டோம்னு சொல்லிட்டாங்கோ. டாக்டர் சர்ட்டிபிகேட் இருந்தா மன்னிப்பு உண்டாம். ஆனா அது அவனுக்கே ஒடம்பு சரியில்லைன்னாதான். அப்பாவுக்குன்னா செல்லாதாம்."

"ஹாஜர் எப்படிக் கொறையும்? அவன் வந்ததெல்லாம் லீவுலதானே? புரட்டாசியில ஒரு மாசம்..."

"ஒரு மாசமா?" கோவர்த்தனன் பரிதாபமாகப் பார்த்தான். "எங்களுக்கு ரெண்டு நாள்தான்கா உட்டாங்கோ."

லோயிஸ் சோடாக்கடை பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். கிருபா அப்பாவுக்காக நாலாம் வருஷத்தையே கொடுத்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்திருக்கிறான். இங்கே இவளோ, இல்லாத பரீட்சைக்காக அவனிடமிருந்து அப்பாவின் முகத்தைப் பறித்துவிட்டாள். உட்கார்ந்துவிடலாம் போல் இருந்தது. அப்படியே அந்தப் புழுதியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது.

ஸ்டேஷன் ரோட்டிலிருந்து கிருபா வந்துகொண்டிருந்தான். அக்காவைப் பார்த்ததும் ஒரு நொடி நின்றான். பிறகு சிரித்துக்கொண்டு வேகமாக வந்தான். எத்தனை நாள் பழகிய சிரிப்போ அது!

"அக்கா! இன்னா சொல்லாம கொள்ளாம? காலையில பேப்பர் நல்ல சுலபம்க்கா. நான் கொஞ்சம் முன்னாடியே குடுத்துட்டு வந்துட்டேன். அஞ்சு கேள்வியில நாலு நான் படிச்சதே வந்துது. நைனாவாண்ட சொல்லு, ரெண்டு தபா அடிஷனல் பேப்பர் வாங்கினான்னு சொல்லு. அவருக்கு அத்தக் கேட்டா ஒரு சந்தோஷம்."

கோவர்த்தனன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். லோயிஸ் தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. உறையை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

அவன் படித்தான். திரும்பவும் படித்தான். உறையின் மேல் தந்தியாபீஸில் போட்டிருந்த நேரத்தைப் பார்த்தான்.

"இது ஒம்பதே காலுக்கே வந்துட்டுதேக்கா" என்றான்.

"ஆமாம்."

"நீ அப்பவே இங்க இருந்தியா?"

"இருந்தேன். நீ பரீட்சை எழுதப் போறன்னு..." அதற்கு மேல் அவளால் முடியவில்லை. "நாலு மணிக்கு அடக்கம்டா கிருபா."

மைப்புட்டி அவன் கையிலிருந்து விழவில்லை. அதை அவன் மெதுவாகக் கோவர்த்தனனிடம் கொடுத்தான். "மத்தியானத்துக்கு வச்சிக்கோ" என்றான். அதற்கப்புறம்தான் அவனுடைய வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது. நடுரோட்டில், இருபத்திரண்டு வயதுப் பையன், குழந்தை மாதிரி அழுதான்.

கோவர்த்தனனும் அழுதுகொண்டே அவர்களோடு கிளம்பத் தயாரானான். "நீ போயி எதனா துன்னுட்டு பரீட்சையை எழுதுப்பா" என்று லோயிஸ் அவனைத் தடுத்தாள். "ஒருத்தராவது எழுதுங்கோ."

*

அடுத்த ரயில் ஐந்து மணிக்குத்தான். ஒன்றரைக்கு, பெட்ரோலுக்குப் பதில் அடுப்புக்கரி வாயுவில் ஓடும் ஒரு கரி பஸ் இருந்தது. யுத்தம் முடிந்து இரண்டாவது மார்ச் வந்துவிட்டது, இந்தக் கரி பஸ் மட்டும் இன்னும் ஒழியவில்லை. சந்திரகிரியில் நிறுத்திக் கரி கொட்டினார்கள். இன்னும் பத்து மைலில் நிறுத்தித் தணலைக் கிளறினார்கள். கிருபா ஒவ்வொரு தடவையும் இறங்கிப்போய் டிரைவரிடம் கெஞ்சிவிட்டு வந்தான். பஸ்ஸில் யாரிடமோ மணி கேட்டான். மூன்று ஐம்பது. சித்தூர் இன்னும் பதினெட்டு மைல்.

அதற்குப் பிறகு அவன் மணி கேட்கவில்லை.

நாலு மணிக்கு லோயிஸ் கையைக் கோத்துக்கொண்டு தலையைக் குனிந்தாள். இந்நேரம் போதகர் ஜெபம் சொல்லிக்கொண்டிருப்பார். பக்கத்தில் கிருபா, கேட்பார் இல்லாமலே, மெல்லிய குரலில் பேசத் தொடங்கினான்.

"நைனா என்னைப் போகச் சொல்லிக்கினேதான் இருந்தாரு. எனக்குத்தான் மனசு வரல. உங்க ரெண்டு பேராலயும் அவரைத் தூக்க முடியாது. அப்புறம் சொல்லிக்கலாம், தேறினதும் சொல்லிக்கலாம்னு இருந்தேன். ஒரு நாளு என்னைக் கேட்டாரு. 'ஏன்டா, உங்க காலேஜ்ல எல்லா உற்சவத்துக்கும் லீவு உடறாங்களாடா?'ன்னு. ஆமா நைனான்னேன். என் கையைப் புடிச்சிக்கினாரு. அப்பால கேக்கவே இல்ல."

லோயிஸ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். முப்பத்தோரு வருஷம் கோர்ட்டில் நாமம் போட்ட குமாஸ்தாக்களோடு உட்கார்ந்து வேலை செய்தவர் நைனா. பிரம்மோற்சவம் எத்தனை நாள் என்று வீட்டுப் பெண்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். அவருக்கா தெரியாது? இதை அவள் தம்பியிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் தாங்குவானா என்பது தெரியவில்லை. அவளே அதைத் தாங்க முடியாமல்தான் உட்கார்ந்திருந்தாள்.

பூதலப்பட்டு தாண்டியதும் கிருபா அவள் பக்கம் திரும்பினான்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"அம்மாவாண்ட..." அவன் குரலைத் தாழ்த்தினான். "நீ வந்து சொன்னே, நான் பரீட்சையைப் பாதியில உட்டுட்டு ஓடியாந்துட்டேன்னு சொல்லிடலாமா? ஹாஜர் சமாசாரம் தெரிஞ்சா அம்மா செத்துடும்கா. நைனாவைப் பாத்துக்கினதாலதான் இப்படி ஆச்சின்னு தெரிஞ்சா, அவரையே திட்டிக்கினு கெடக்கும். இது அதுக்கு மேலு இல்லையா?"

அவன் யோசித்துத்தான் கேட்டான். ஆனால் பாதிதான் யோசித்திருந்தான். அம்மாவுக்குக் கொடுத்த வார்த்தையை அக்கா மீறினாள் என்று ஆகும் என்பதை அவன் நினைக்கவில்லை. அழுகிற பிள்ளையிடம் அதை எடுத்துச் சொல்ல லோயிஸுக்கு வாய் வரவில்லை.

"இப்ப என்னை ஒண்ணும் கேக்காதடா" என்றாள்.

*

கல்லறைத் தோட்டத்துக்கு அவர்கள் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தேகால். ஜனங்கள் கலைந்து போய்க்கொண்டிருந்தார்கள். மேடு கட்டி, மாலை வைத்து, எல்லாம் முடிந்திருந்தது. எலிசபெத் மட்டும் எழுந்திருக்காமல் மேட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளைக் கிளப்ப முடியாமல் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார்.

கிருபா போய் அந்த ஈர மண்ணில் முகம் குப்புற விழுந்தான். "நைனா, நைனா" என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை. போகிறவர்கள் நின்று பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

எலிசபெத் மகனைப் பார்த்தாள். வெயில் இறங்கியிருந்தாலும் இன்னும் இருட்டவில்லை. ஐந்து மணிக்குத் திருப்பதியில் பரீட்சை முடிகிறது. ஐந்தேகாலுக்கு மகன் சித்தூரில் இருக்கிறான். அவள் படிக்காதவள், ஆனால் இந்தக் கணக்கைப் போட அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. மெல்லத் தலையைத் திருப்பி மகளைப் பார்த்தாள்.

"சொல்லிட்டியா?"

லோயிஸ் தம்பியைப் பார்த்தாள். அவன் தோள்கள் குலுங்கின.

"சொல்லிட்டேன்மா."

"எப்ப சொன்ன?"

"ஒரு மணிக்கு."

"அப்ப காலையில பேப்பர் எழுதிட்டான்." எலிசபெத்தின் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "ஒண்ணே ஒண்ணுடி பாக்கி. நாலு வருஷத்துல இன்னும் மூணு மணி நேரம். அந்த மனுஷன் மூணு நாளா மூச்சைக் கையில புடிச்சிக்கினு கெடந்தது இந்த மூணு மணி நேரத்துக்குத்தான். உன்னால இருக்க முடியலையா? நீ படிக்க முடியலைன்னு ஆத்திரமா உனக்கு?"

இந்த வார்த்தையை லோயிஸ் எதிர்பார்க்கவில்லை. அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"உடு எலிசபெத்" என்று பெரியப்பா நடுவில் வந்தார். குனிந்து கிருபாவின் முதுகில் கையை வைத்தார். அவருடைய கண்ணிலும் தண்ணீர். "பரீட்சை கெடக்குது. பி.ஏ.வையே தூக்கிப் போட்டுட்டு அப்பனுக்காவ ஓடியாந்தான் பாரு, இவன்தான் புள்ள! எங்க ஏசுரத்தினம் பேரு இனிமே நிக்கும்."

சுற்றி நின்றவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். யாரோ ஒருவர் கிருபாவைத் தூக்கி நிறுத்தினார், இன்னொருவர் அவன் முகத்து மண்ணைத் துடைத்துவிட்டார். அவன் வாயைத் திறந்தான். அக்காவைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

பிறகு வாயை மூடிக்கொண்டான்.

எலிசபெத் மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மகளைத் தாண்டி நடந்தாள். லோயிஸ் கை நீட்டியபோது அந்தக் கையை ஒதுக்கிவிட்டுப் போனாள்.

எல்லாரும் போன பிறகு லோயிஸ் குனிந்து மண்ணை அள்ளினாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று அப்பாவுக்குப் போட்டாள்.